நூற்று நாற்பது டிகிரி மூக்கு

நூற்று நாற்பது. அவருடைய ரத்த அழுத்தம் அல்ல, அது இதைவிடக் கொஞ்சம் கூடுதல். டிரில்லின் நுனியில் இரண்டு வெட்டு விளிம்புகளும் கூரை போலச் சாய்ந்து சேர்கின்றனவே, அந்தக் கோணம், டிகிரியில். கடையில் தொங்கும் சாதாரண டிரில்லுக்கு இது நூற்றுப் பதினெட்டு. சுவரில் கல்யாணப் படம் மாட்ட அது தாராளம். எவர்சில்வர் கட்டியில், சுண்டுவிரல் கனத்தில், பேனா நீளத்துக்குத் துளை போட வேண்டும் என்றால் அது போதாது. இதைச் சொல்லிச் சொல்லியே, இப்போது நாற்பத்தாறு வயதாகும் இந்தப் பெண்மணி தன் வாழ்க்கையில் பாதியைக் கழித்துவிட்டார்.

பட்டறையில் டிரில் நுனிக்கு மூக்கு என்று பெயர். அதை வடிவமைப்பவர் என்பதால் அவர் மூக்கக்கா. அவருடைய சொந்த மூக்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோருக்கும் இருப்பதுதான், கண்ணாடி நிற்கும் அளவுக்கு.

டிரில் கம்பெனி ஒரு மெத்தைக் கடைக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கும் நடுவில் இருக்கிறது. தகரக் கூரை, எண்ணெய் வாசனை, ஒரு மூலையில் கண்ணாடி அறைக்குள், டிரில்லுக்கு விளிம்பு தீட்டும் விலை உயர்ந்த கிரைண்டிங் மெஷின். அந்த அறையின் வெளிப்பக்கம்தான் மூக்கக்காவின் மேசை. டிப்ளமோ முடித்த கையோடு அவர் இங்கே வந்தது டிரில் செய்ய அல்ல, அட்டைப்பெட்டி மேல் அச்சடிக்கும் டிரில் படத்தை வரைய. நேர்காணலில் பெரிய முதலாளி பழைய பெட்டியைக் காட்டி, இது மாதிரி இன்னும் அழகாக வரைய முடியுமா என்று கேட்டார். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது இடது பக்கமா சுத்துது. இதை வெச்சு துளை போட்டா துளை போடாது, மெஷின்தான் பின்னாடி போகும்" என்றார். பெரிய முதலாளி வருடக்கணக்காகத் தன் பெயரோடு ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்த பெட்டியை அன்றுதான் முதல்முறையாக உற்றுப் பார்த்தார். வேலை கிடைத்தது. பெட்டி பிறகு சரியானது. அதற்குள் மூக்கக்கா பெட்டிக்குள் இருக்கும் சரக்கிலும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

டிரில் என்பது துளை போடும் கருவி என்றுதான் வெளியாட்கள் நினைக்கிறார்கள். மூக்கக்கா ஒத்துக்கொள்வதில்லை. வெட்டுவது பெரிய விஷயமே இல்லை, வெட்டியதை வெளியே கொண்டுவருவதில்தான் பிழைப்பு இருக்கிறது என்பார். ஒரே கதவுள்ள பஸ்ஸை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் கூட்டம் இறங்க வேண்டும். அதே கதவு வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு ஒருவர் ஏற வேண்டும். இறங்கும் கூட்டம், வெட்டுப்பட்ட உலோகச் சீவல். குடத்தோடு நிற்பவர் கூலன்ட், அதாவது எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீர். வெட்டும் இடம் கொதிக்காமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. இறங்குபவர்கள் கைகோத்துக்கொண்டு நீளமாக வந்தால் கதவு அடைத்துக்கொள்ளும். குடம் வெளியிலேயே நிற்கும். உள்ளே சூடு ஏறி, மூக்கு முதலில் மஞ்சளாகி, பிறகு நீலமாகி, கடைசியில் உடையும். உடைந்த துண்டு கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். அதற்குப் பிறகு அந்தக் கட்டியைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கலாம், வேறெதற்கும் ஆகாது.

மூக்கக்காவின் டிரில்லில் தண்ணீருக்குத் தனி வழி உண்டு. டிரில்லின் உடம்புக்குள்ளேயே இரண்டு மெல்லிய துவாரங்கள் ஓடி, மூக்கின் மேல் கண் மாதிரி திறக்கும். தண்ணீர் நேராக அடிவரை போய், திரும்பும்போது சீவலைத் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் தண்ணீர் தள்ளுகிற அளவுக்குச் சீவல் சின்னதாக இருக்க வேண்டுமே. அதற்காக வெட்டு விளிம்பில் நகக்கீறல் போலச் சின்னச் சின்னக் காடிகள் வைப்பார். காடி இருக்கும் இடத்தில் சீவல் பிரிந்து ஒடியும். எத்தனை காடி, எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் என்பதுதான் அவர் தொழில். கேட்பதற்கு இவ்வளவுதான். இதற்குள் ஒரு கல்யாணம், ஒரு மாமியார், இரண்டு ஜோடி கண்ணாடி எல்லாம் வந்து போயிருக்கின்றன. மாமியார் மட்டும் போகவில்லை.

மாமியாருக்கும் டிரில்லுக்கும் நேரடிப் பகை. மூக்கக்காவின் செருப்பிலும் கால்சட்டை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் சீவல், மாமியார் பாதத்தில்தான் குறி பார்த்து ஏறும். அதனால் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி, காலையும் மாலையும் வீடு முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பார். பார்ப்பவர்களுக்கு நாய்க்குட்டியை உலாத்துவது போலத் தெரியும். இந்த எவர்சில்வர் வேலை வந்ததிலிருந்து காந்தமும் கைவிட்டது. எவர்சில்வர் சீவல் அதில் சரியாக ஒட்டாது.

"முன்னாடியெல்லாம் உன் குப்பை காந்தத்துக்காவது மரியாதை குடுத்துச்சு" என்றார் மாமியார், பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"இது உசத்தி குப்பை அத்தை" என்றார் மருமகள், இடுக்கியோடு குனிந்து.

அந்த உசத்தி குப்பை வந்த கதை இது. ஒரு காலை சின்ன முதலாளி கூப்பிட்டார். பெரியவரின் மகன். கெட்ட செய்தி சொல்ல வேண்டுமென்றால் மேசையில் பிஸ்கட் வைப்பது அவர் வழக்கம். அன்று இரண்டு வகை பிஸ்கட் இருந்தது.

"பம்பு கம்பெனிக்கு டிரில் வேணுமாம்க்கா. எவர்சில்வர் பிளாக், ஆழத் துளை. இப்ப வாங்கற டிரில்லெல்லாம் சுருள் சுத்திச் சுத்தி உடைஞ்சிட்டே இருக்காம்."

"அடிக்கடி உடைஞ்சா நமக்கு வியாபாரம்தானே."

"அவங்க உடையாத டிரில் கேக்கறாங்க."

"செஞ்சிடலாம்."

"முழுசா கேளுங்க. இது ஓடலன்னா இனிமே சொந்த டிசைனே வேணாம்னு அப்பா சொல்லிட்டார். வெளியில வாங்கி, நம்ம பெட்டில போட்டு வித்துடலாம். அந்த கிரைண்டிங் மெஷினையும் தள்ளிவிட்டுடலாம்."

"நான்?"

"பேக்கிங்ல ஆள் வேணும்." பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "சூப்பர்வைசர்க்கா. ஃபேன் இருக்கற இடம்."

மூக்கக்கா வகைக்கு ஒன்றாக இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் ஆரம்பித்தது அந்த அட்டைப்பெட்டியில். யாரோ செய்த மூக்குகளை அதற்குள் படுக்கவைத்து, மேலே டேப் ஒட்டி, ஃபேனுக்குக் கீழே ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது அவருக்குப் பிஸ்கட் இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டார்.

முதல் டிரில்லை அவர் கோபத்தோடு வடிவமைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சுருள் நீளமாக வருகிறது என்பதுதானே புகார், இருக்கிற இடமெல்லாம் காடி வைத்தார். அந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும்.

பம்பு கம்பெனியில் இந்தத் துளைக்கென்று ஒரு பழைய மெஷின். நெட்டுக்குத்தாக நிற்கும். பக்கத்தில் ஒரு பம்பை ஒட்டவைத்து டிரில்லுக்குள் தண்ணீர் போக வழி செய்திருந்தார்கள். பின்னால் தண்ணீர் தெறிக்காமல் ஒரு தகரம். அதை ஓட்டுபவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அங்கே எல்லோருக்கும் அவர் கொக்கி அண்ணன். சுருளைப் பிடித்து இழுக்கும் கம்பிக் கொக்கி எப்போதும் அவர் இடது கையில் இருக்கும். சாப்பிடப் போகும்போதும் இருக்கும் என்று கேன்டீனில் சொல்கிறார்கள். வலது கை லீவர் மேல். லீவரைத் தள்ளினால் டிரில் தானாக இறங்கும், இழுத்தால் மேலே வரும்.

டிரில் இறங்கியது. பாதித் துளை வரை ஒழுங்காகப் போனது. பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். பம்பு கம்பெனியின் மேனேஜர் காதைப் பொத்தினார். வெள்ளைத் தண்ணீர் வருவது நின்று புகை வந்தது. அப்புறம் 'டொக்'.

கொக்கி அண்ணன் கொக்கியை உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தார். சேறு மாதிரி ஏதோ வந்தது. அவ்வளவும் பொடிச் சீவல், டிரில்லின் உடம்பைச் சுற்றி ஏறும் வாய்க்காலில் சிமென்ட் போலக் கெட்டித்திருந்தது.

"நல்லா அரைக்குதும்மா" என்றார் அவர், குறை சொல்லாத குரலில். "துளைதான் போடல."

மூக்கக்காவின் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தரையெல்லாம் முடி. வேலை முடிந்து மூக்கக்கா அங்கே போய், காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அன்று ஒரு வாடிக்கையாளர் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். மூக்கக்கா நடந்ததைச் சொன்னார்.

"ரொம்பப் பொடியா வெட்டிட்டியா" என்றார் வீட்டுக்காரர், கத்தரியை நிறுத்தாமல். "பொடி முடிதான் சனியன். கொத்தா வெட்டினா அதுவா கீழ விழுந்துடும். பொடிசா வெட்டினா காலருக்குள்ள போய் உக்காந்துக்கும். சாருக்கே தெரியும்."

"ஆமா, அரிக்கும்" என்றார் குனிந்த தலை.

"முடியும் எவர்சில்வரும் ஒண்ணா? உங்களுக்கு எதுவும் தெரியாது, சும்மா வெட்டுங்க" என்றார் மூக்கக்கா. மறுநாள் போய்ப் பாதிக்கு மேல் காடிகளை எடுத்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ராத்திரியே தோன்றிவிட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறார். வீட்டுக்காரரோ தலை கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அந்த டிரில்லைத் தான்தான் டிசைன் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இரண்டாவது டிரில்லின் சீவல் காற்புள்ளி அளவுக்கு வந்தது. சொந்தப் பட்டறையில் ஓட்டிப் பார்த்தபோது அது ஒரு அழகு. ஒரு முனகல் கிடையாது. தண்ணீர் போகிறது, வருகிறது, அதோடு காற்புள்ளிகளும் அமைதியாக வந்து தொட்டியில் படிகின்றன. துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் சுவர் பளபளவென்று இருந்தது. டிரில்லைத் தொட்டுப் பார்த்தார், சூடே இல்லை. சின்ன முதலாளி பார்த்துவிட்டு, இன்றைக்கு பிஸ்கட் தேவைப்படாது என்றார்.

பம்பு கம்பெனியில் அதே டிரில் மூன்றாவது துளையில் மூக்குடைந்து வந்தது.

இந்த முறை மூக்கக்கா மெஷினுக்கு அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். துளை பாதி வந்ததும் கொக்கி அண்ணனின் வலது கை லீவரை லேசாக இழுத்தது. டிரில் மேலே எழும்பியது. மறுபடி தள்ளினார். இறங்கியது. அந்த இடைவெளியில் வாய்க்காலில் ஏறிக்கொண்டிருந்த சீவல் எல்லாம் வழுக்கி அடியில் விழுந்திருக்கும். திரும்பி இறங்கும் மூக்கு கட்டியை வெட்டாமல் முதலில் அந்தச் சீவல் குவியலில் போய் மோதும். வழக்கமான டிரில்லுக்கு இது பழக்கம், தூக்கித் தூக்கி இறக்கினால்தான் அதற்குப் பிழைப்பு. தண்ணீர் உள்ளே ஓடும் டிரில்லுக்கு அது தற்கொலை.

"தூக்கினீங்களாண்ணே?"

"இல்லையே."

"தூக்கினீங்க. பாத்துட்டுதான் நிக்கறேன்."

"அது தூக்கறது இல்லம்மா. கொஞ்சம் மூச்சு விடட்டும்னு விட்டேன்."

"மூச்சு விட அது என்ன ஆளா?"

"காலைலருந்து நம்மளோடதானே வேலை செய்யுது."

இன்னொரு டிரில்லை மாட்டினார்கள். தூக்கவே கூடாது என்று மூக்கக்கா சொல்ல, மாட்டேன் என்று கொக்கி அண்ணன் தலையாட்டினார். மனசாரத்தான் ஆட்டினார். டிரில் பாதி இறங்கியதும் அவர் கை போய் லீவரை இழுத்தது. அவரே கையைத் திகைத்துப் பார்த்தார், யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை செய்த குறும்பு போல.

கம்பெனிக்குத் திரும்பியதும் மூக்கக்கா சின்ன முதலாளியிடம் நியாயம் பேசினார். டிரில்லில் தப்பில்லை, ஆள் மேல்தான் தப்பு. தண்ணீரின் அழுத்தம், காடியின் இடம், சீவலின் அளவு, எல்லாம் சரி.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிக்கா" என்றார் அவர். மேசையில் பிஸ்கட் திரும்பி வந்திருந்தது. "அப்ப பம்பு கம்பெனிக்கு என்ன சொல்லட்டும்? டிரில் நல்லா இருக்கு, உங்க ஆளோட கைய மாத்துங்கன்னா?"

"சொல்லிக் குடுத்தா நிறுத்திடுவாரு."

"நீங்களே பக்கத்துல நின்னு சொன்னீங்களே."

மூக்கக்கா ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார்.

"வியாழக்கிழமை கடைசியா ஒரு தடவை பாக்கறாங்களாம்" என்றார் சின்ன முதலாளி. "அதுக்கப்புறம் பேக்கிங்கப் பத்திப் பேசிக்கலாம்."

அடுத்த நாள் மூக்கக்கா பம்பு கம்பெனிக்குப் போய், கொக்கி அண்ணனின் மெஷின் பக்கத்தில் உட்கார அனுமதி கேட்டார். நாற்காலி தர முடியாது என்றார் மேனேஜர். காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். அன்று கொக்கி அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தது பழைய வகை டிரில். மூக்கக்கா அதைப் பார்க்கவில்லை, கொக்கி அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து மெஷின்காரர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"என்னண்ணே, கைரேகை பாக்கறாங்களா?" என்றது ஒரு குரல்.

"ஆயுசு கெட்டியாம். டிரில்லுக்குத்தான் இல்லையாம்" என்றார் கொக்கி அண்ணன்.

நீளச் சுருள் துளையிலிருந்து ஸ்பிரிங் மாதிரி ஆடிக்கொண்டே வரும். அவர் கொக்கியால் இழுத்துப் போடுவார். சுருள் வந்துகொண்டிருக்கும்வரை லீவரை இழுக்க மாட்டார். சில துளைகளில் இரண்டு தடவை தூக்கினார், சிலவற்றில் ஐந்து தடவை, ஒன்றில் தூக்கவே இல்லை. அதைப் பார்த்ததும் மூக்கக்கா டின்னிலிருந்து எழுந்துவிட்டார். பழக்கத்தால் தூக்குகிறவர் என்றால் எல்லாத் துளையிலும் தூக்க வேண்டுமே.

"அண்ணே, எப்ப தூக்கணும்னு எப்படித் தெரியுது?"

"வர்றது நின்னா தூக்குவேன்."

"எது வர்றது?"

"சுருள்தான். கண்ணு முன்னால வந்துட்டே இருக்கணும். நின்னுச்சுன்னா உள்ள மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். அப்பவும் சும்மா நின்னா டிரில் போச்சு."

"என் டிரில்லுல?"

"உங்க டிரில்லுல என்ன வருது? ஒண்ணும் வரல. பால் மாதிரி தண்ணிதான் வருது. அது வேலை செய்யுதா தூங்குதான்னே தெரியல."

"அந்தத் தண்ணிக்குள்ளதாண்ணே சீவல் வருது. சின்னச் சின்னதா."

"எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கையில லீவர், ஒரு கையில கொக்கி. இதுல வடிகட்டி எதுல பிடிக்கறது?"

மூக்கக்கா மறுபடி டின்னில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல், யார் கண்ணிலும் படாமல் சீவலை வெளியேற்றும் மூக்கு ஒன்றை அவர் செய்திருந்தார். அதைத்தான் தன் வாழ்நாள் சாதனையாக நினைத்திருந்தார். அது அவ்வளவு நன்றாக வேலை செய்ததால்தான் உடைந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோது கொக்கி அண்ணனின் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

அன்று மாலை கம்பெனிக்கு வந்ததும் புது வரைபடத்தைத் திறந்தார். ஒரு விளிம்பில் காடிகள் அப்படியே இருந்தன. இன்னொரு விளிம்பில் எல்லாக் காடிகளையும் அழித்தார். அந்தப் பக்கத்துச் சீவல் இனி அகலமாக வரும், ஆனால் விளிம்பை லேசாக மழுக்கிவிட்டால் நீளாமல் சுருண்டு ஒடியும், சட்டைப் பித்தான் அளவுக்கு. தண்ணீர்க் கண்களில் ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் பித்தான்கள் வேகமாக மேலே எறியப்படும்படி வைத்தார். துளையை விட்டு வெளியே வந்ததும் அவை பின்னால் நிற்கும் தகரத்தில் போய் அடிக்க வேண்டும். அதுதான் கணக்கு.

சின்ன முதலாளி திரையை எட்டிப் பார்த்தார். "அக்கா, இந்தப் பக்கம் காடி போட மறந்துட்டீங்க."

"மறக்கல."

"போன டிரில்லவிட இது நல்லதா?"

"மோசம்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி உழைக்காவிட்டால் ஒரு பக்கம் சீக்கிரம் தேயும். முந்தைய டிரில் ஓடும் நாளில் முக்கால் பங்குதான் இது ஓடும். துளைச் சுவரும் அந்த அளவுக்குப் பளபளக்காது. தெரிந்தே கொஞ்சம் மட்டமாக வரைவது அவருக்குப் பழக்கமில்லை. பழைய நல்ல டிரில்லில் ஒன்றை எடுத்துத் துடைத்து, தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

வியாழக்கிழமை பம்பு கம்பெனியில் சின்ன முதலாளியும் வந்து நின்றார். மேனேஜர் கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார். மூக்கக்கா இந்த முறை எதுவுமே சொல்லவில்லை. தூக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆயில் டின்னில் போய் உட்கார்ந்தார்.

கொக்கி அண்ணன் லீவரைத் தள்ளினார். டிரில் கட்டியைத் தொட்டது. வெள்ளைத் தண்ணீர் பொங்கியது. கொஞ்ச நேரம் அது மட்டும்தான். அவர் கை லீவரில் இறுகுவது மூக்கக்காவுக்குத் தெரிந்தது.

டிங்.

தகரத்தில் ஏதோ பட்டது. பிறகு இன்னொன்று. அப்புறம் மழை பிடித்துக்கொண்ட மாதிரி டிங் டிங்கென்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கொக்கி அண்ணன் தகரத்தைத் திரும்பிப் பார்த்தார், துளையைப் பார்த்தார், மறுபடி தகரத்தை.

"என்னம்மா இது, கல்லெறியுது?"

"உங்களுக்குத்தாண்ணே. வந்துட்டே இருக்கு பாருங்க."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். டிரில் பாதி ஆழம் தாண்டியது. அவர் கை லீவர் மேலேயே இருந்தது, ஆனால் இழுக்கவில்லை. அடி தொட்டதும் தகரம் அமைதியானது. அப்போது இழுத்தார். மூக்கு முழுசாக வெளியே வந்தது. மூக்கக்கா எழுந்து அதைத் தொட்டார். கைக்கு இதமான சூடு, அவ்வளவுதான்.

அடுத்த துளை. அதற்கடுத்தது. மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்தார். நாலைந்து துளைக்குப் பிறகு கொக்கி அண்ணன் இடது கையிலிருந்த கொக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்து, கடைசியில் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டார். அந்தப் பையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தது. கொக்கி கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

ஒரே ஒரு முறை நடுவில் தூக்கினார்.

"சத்தம் நின்னுச்சு" என்றார் அவர்.

மெஷினை நிறுத்திப் பார்த்தார்கள். கூலன்ட் பம்பின் பட்டை அறுந்திருந்தது. தண்ணீரே போகவில்லை. அவர் தூக்காமல் இருந்திருந்தால் டிரில் அன்றைக்கே உடைந்திருக்கும். மூக்கக்கா சின்ன முதலாளியைப் பார்த்தார். சின்ன முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் பட்டை மாற்ற ஆள் அனுப்பினார்.

சாயங்காலம் வரை ஓட்டிவிட்டு மேனேஜர் சொன்னது: "தலைவலி டிரில்லுங்க. ஆனா உடையல. குடுத்து அனுப்புங்க."

கம்பெனி வாசலில் காரிலிருந்து இறங்கும்போது சின்ன முதலாளி, "பேக்கிங்குக்கு வேற ஆள் பாத்துக்கறேன்க்கா" என்றார்.

"ஃபேன் இருக்கற இடமாச்சே, சட்டுனு வந்துடுவாங்க" என்றார் மூக்கக்கா.

வீட்டில் மாமியார் அன்று புது வகைச் சீவல் ஒன்றை மிதித்தார். பித்தான் அளவு. இது குத்தவில்லை, காலில் பட்டு உருண்டு போனது. இது பரவாயில்லை, பெருக்கினால் போய்விடும், இந்த மாதிரியே கொண்டு வா என்று சொல்லிவிட்டு, காந்தத்தைக் கயிற்றோடு சுற்றி அலமாரி மேல் வைத்தார். டிரில்லுக்குக் கிடைத்த பாராட்டுகளில் மூக்கக்கா வெளியில் சொல்லிக்கொள்ளும் ஒரே பாராட்டு அது.

நல்ல டிரில் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. யாராவது புதிதாக வந்தால் எடுத்துக் காட்டுவார், தொட விட மாட்டார்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து பம்பு கம்பெனியின் இரண்டாவது ஷிப்டுக்கும் இதே டிரில் போகிறது. அந்த ஷிப்டில் மெஷினை ஓட்டுபவர் இத்தனை வருடமும் கம்ப்ரசர் ரூம் இரைச்சலில் நின்றவர். அவருக்குக் காது கேட்காது.